கையெழுத்துப் புருஷன்

அந்தத் தெருவில் ஒரு புருஷனின் விலை ஐந்நூறு. நயமாகப் பேசினால் நானூற்றைம்பதுக்கும் படியும். குறைத்த ஐம்பதுக்கு ஈடாக ஒரு டீ வாங்கித் தர வேண்டியிருக்கும். கல்யாணச் செலவு கிடையாது. சமைத்துப் போட வேண்டாம், துணி துவைத்துப் போட வேண்டாம், குடித்துவிட்டு வந்து கதவை இடிக்கவும் மாட்டார். இத்தனை வசதியுள்ள சரக்கை ஐந்நூறுக்குக் கொடுப்பது அடிமாட்டு விலைதான். என்ன செய்வது, சரக்குக்குச் சொந்தக்காரர் பேராசை இல்லாதவர்.

அந்தச் சரக்கு செத்துப்போன சேதி வந்தபோது இஸ்திரிக்காரி ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, பெட்டியைக் கீழ வை. உன் புருஷன் போயிட்டான். அழு."

வாசற்படியில் நின்று சொன்னவள் கடன் குழுவின் தலைவி. அவள் தன் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பதால் தெருவில் அவளுக்கு மைக்செட் என்று பெயர்.

"எந்தப் புருஷன்க்கா?" என்றாள் இஸ்திரிக்காரி.

குசும்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள். மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து, தேய்த்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமியாருக்கும் விளங்கவில்லை.

"என் புள்ளை போய் எட்டு வருஷம் ஆச்சு. மறுபடியும் போயிட்டானா? ஒரு தடவை போன கடனையே இப்பத்தான் அடைச்சு முடிச்சோம்."

"உங்க புள்ளையைச் சொல்லலம்மா. கையெழுத்துப் போட்டாரே, அவரைச் சொல்றேன். சாவிக்காரரு."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஐயோ, அண்ணனா?"

மைக்செட் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "அண்ணன் கிண்ணன்னு சொன்னே, நாக்கை இழுத்து வெச்சு அறுத்துருவேன். இன்னைக்கு ஒரு நாள் வாய் நிறையப் புருஷன்னு சொல்லு. இருபத்திரெண்டாயிரம்டி!"

நேற்றுச் சாயங்காலம் மார்க்கெட் படிக்கட்டில், ஒரு பூட்டை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். பூட்டுக்குச் சொந்தக்காரன் தூங்குகிறார் என்று நினைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தானாம். பிறகு ஆஸ்பத்திரி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. இப்போது பிணவறையில் கிடக்கிறார். கேட்க நாதியில்லை. நாதியில்லை என்று சொல்வதும் தப்பு. காகிதத்தில் அவருக்கு ஆறு மனைவிகள்.

இந்த ஆறு கல்யாணங்களின் கதை சுருக்கமானது.

இஸ்திரிக்காரி ஏழு வருஷம் வாடகைக்கு எடுத்த இஸ்திரி வண்டியில் தேய்த்தவள். நாள் வாடகை அறுபது. மழை பெய்து துணியே வராத நாளிலும் அறுபது. அவள் கொடுத்த வாடகையில் வண்டிக்காரன் நாலு வண்டி வாங்கியிருப்பான், வாங்கியும் விட்டான். ஒரு நாள் அவளே கணக்குப் போட்டுப் பார்த்து வயிறெரிந்து, பெண்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் கம்பெனியின் படியேறினாள். அடமானம் வேண்டாம், பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும், ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். சிரிக்கிற பெண், கீழே 'பெண் நிமிர்ந்தால் வீடு நிமிரும்' என்று எழுத்து.

படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த வசூல் தம்பி கேட்டான்: "கணவர் பேரு?"

"செத்துட்டாரு தம்பி."

"அப்ப கஷ்டம்க்கா."

"கஷ்டம்னுதானே தம்பி கடன் கேக்குறேன்."

"நீங்க படுற கஷ்டத்தைச் சொல்லல. கடன் கிடைக்கிறது கஷ்டம். நீங்க கட்டலைன்னா கட்டறதுக்குப் பொறுப்புன்னு கணவர் கையெழுத்து இல்லாம கம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். நிமிர்ந்தால் வீடும் நிமிரும் என்ற பெண்ணின் படத்துக்கு அடியில், அவன் அந்தக் காகிதத்தை ஒட்டுவாரொட்டி நோய் என்பதுபோல ஒரே விரலால் தள்ளிவிட்டான். "இதை யார்கிட்டயும் காட்டாதீங்க. காட்டினா எந்தக் கம்பெனியும் தராது." பிறகு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்க தெருவுலயே ஒரு ஏற்பாடு இருக்கு. மைக்செட் அக்காவைப் பாருங்க."

ஏற்பாட்டைச் செய்தவனே அவன்தான். மாதத்துக்கு இத்தனை குழு என்று அவன் தலையில் ஒரு கணக்கு உட்கார்ந்திருந்தது. அந்தத் தெருவில் கடன் வேண்டிய பெண்களைத் தேடினால் கிடைத்தார்கள். புருஷனோடு இருப்பவர்களைத் தேடினால் நாலே பேர். மற்றவர்களின் புருஷன்மார் செத்திருந்தார்கள், ஓடியிருந்தார்கள், அல்லது வேறு வீட்டில் நன்றாக இருந்தார்கள். பத்துக்கு ஆறு குறைந்தது. ஆறு புருஷனுக்கு எங்கே போவது? ஒருவரையே ஆறாகப் பிரித்துச் சில்லறைக்கு விட்டார்கள்.

சாவிக்காரர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். மார்க்கெட் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, ஒரு அரம், கொத்துக் கொத்தாக வெற்றுச் சாவிகள். "நான் ஊருல எல்லா வீட்டுக்கும் சாவி போட்டிருக்கேன், எந்த வீட்டுக்குள்ளயும் போனதில்ல" என்பார். அவருக்கு ஆறு பெண்டாட்டிகள், ஆனால் சட்டைகள் நாலு. அதனால் இரண்டு சட்டைகள் இரண்டிரண்டு கல்யாணப் படங்களில் வந்தன. மேலே யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய மேனேஜருக்கும் மாதக் கணக்கு இருந்ததே.

இஸ்திரிக்காரியோடு படம் எடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரன், "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றான். அவள், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க" என்றாள். ஸ்டுடியோக்காரன் கேமராவிலிருந்து தலையை எடுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சாவிக்காரர் அசரவில்லை. "எங்க வீட்டுல எப்பவும் மரியாதையாத்தான் கூப்பிடுவாங்க. நீ அமுக்குப்பா."

கடன் நாற்பதாயிரம். கையில் வந்தது கொஞ்சம் குறைவு. பல பிடித்தங்களில் ஒன்று, கணவர் உயிருக்கு இன்ஷூரன்ஸ், எண்ணூறு. செத்துப்போன புருஷனைச் சொன்னால் கடன் இல்லை என்றவர்கள், இல்லாத புருஷன் சாகாமல் இருக்க அவளிடமே காசு பிடித்தார்கள். வாரம் ஆயிரம், ஐம்பத்திரண்டு வாரம். வண்டி வாங்கிவிட்டாள். முப்பது வாரம் ஒரு வாரம் தவறாமல் கட்டியும் விட்டாள். இன்னும் இருபத்திரண்டு கட்டினால் வண்டி முழுசாக அவளுடையது.

அதைத்தான் மைக்செட் இப்போது உடைத்துச் சொன்னாள். புருஷன் செத்தால் மீதிக் கடனை இன்ஷூரன்ஸ் கட்டிவிடும். மேற்கொண்டு அடக்கச் செலவுக்கு ஐயாயிரம் கையில் தரும்.

"ஆனா ஒரே ஆளு ஆறு பேருக்கும் செத்தா குட்டு வெளிப்பட்டுடும். ஒருத்திக்குத்தான் சாக முடியும். தம்பி காலையிலேயே உக்காந்து கணக்குப் பார்த்துட்டான். ஆறு பேர்ல உன் பாக்கிதான் ரொம்பப் பெருசு. யோகம் உனக்கு அடிச்சிருக்கு. ஐயாயிரத்துல தம்பிக்கு ஆயிரத்தைந்நூறு, எனக்கு ஆயிரத்தைந்நூறு. மீதியில நீ அடக்கத்தை முடி."

"மத்த அஞ்சு பேருக்கு?"

"அவங்களுக்கு அவரு உயிரோடதான் இருக்காரு. இருந்துதானே ஆகணும்?"

மலிவாக வந்த தக்காளியைப் பற்றிப் பேசும் குரலில்தான் இதைச் சொன்னாள். இஸ்திரிக்காரி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன் தன் ஒரே மகனைக் கொடுத்துவிட்டு, கடனுக்காக அவன் பெயரைக் காகிதத்திலிருந்தும் எடுக்கச் சம்மதித்தவள் அந்தப் பெண்மணி.

"அத்தை, என்ன சொல்றீங்க?"

கிழவி ஒரு வேட்டியின் ஓரத்தை ஓரத்தோடு வைத்து நீவினாள். "என் புள்ளை செத்தப்ப ஒரு பய பத்துக் காசு தரல. இந்த ஆளு செத்தா வண்டியே நம்மளுதாகுதுங்கறாங்க. பாவமோ புண்ணியமோ, வயித்துக்குத் தெரியாது. போய்ட்டு வா. வாயைத் திறந்து ஒரு 'ஆமா' சொல்லணும், அவ்வளவுதானே?"

இஸ்திரிக்காரிக்கும் அப்படித்தான் பட்டது. இருபத்திரண்டு வாரம் என்பது சின்ன விஷயமா? மலைமலையாகச் சட்டை. ஒரு 'ஆமா'வுக்கு அவ்வளவு கூலி யார் தருவார்கள்? தன் துணிப் பெட்டியில் இருந்ததிலேயே நல்ல வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, பழக்க தோஷத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குப்பை எரிக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. வாசல் மரத்தடியில் மற்ற ஐந்து மனைவிகளும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள்போலத் தள்ளித் தள்ளி நின்றார்கள். யாரும் துக்கத்துக்கு வரவில்லை. அவரவர் கணக்குக்குச் சேதம் வந்துவிடக் கூடாதே என்று காவலுக்கு வந்திருந்தார்கள். இஸ்திரிக்காரியைக் கண்டதும் தள்ளி நின்றதெல்லாம் போய்விட்டது.

"வாங்க மகாராணி," என்றாள் தையல்காரி. "எனக்கும்தான் பத்தொம்பதாயிரம் பாக்கி நிக்குது. மூவாயிரம் வித்தியாசத்துக்கு நீ விதவை, நான் சுமங்கலியா? முதல்ல அவரைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தவளே நான்தான்."

"ஆமா, கண்டுபிடிச்சே. நானூத்தம்பதுக்குப் பேரம் பேசி அவரு வயித்துல அடிச்சவளும் நீதான்," என்றாள் மீன்காரி.

"நீ மட்டும் முழுசாக் கொடுத்தியாக்கும்? பாதிக்கு மீனா கொடுத்தே. அதுவும் நாறிப்போனதை."

"யாருடி நாறின மீனு விக்கிறவ?"

"சத்தம் போடாதீங்கடி!" என்று மைக்செட் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. "சக்களத்திச் சண்டைன்னு நினைச்சு நாலு பேரு வேடிக்கை பார்க்கப் போறான். நஷ்டப்பட்டவங்களுக்கு அவ ஆளுக்கு ஐந்நூறு தருவா. தருவேன்னு சொல்லேண்டி!"

பேரம் அங்கே முக்கால் மணி நேரம் நடந்தது. ஐந்நூறு முந்நூறாகி, முந்நூறு நானூறாகி, கடைசியில் ஆளுக்கு முந்நூற்றைம்பதில் வந்து நின்றது. சந்தையில் ஆட்டை விற்கும்போதுகூட ஆட்டின் காது கேட்கப் பல்லின் குறையைச் சொல்வதற்குச் சிலர் கூச்சப்படுவார்கள். இங்கே பத்தடியில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மனிதர் கிடந்தார். ஒருத்தியாவது முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. இஸ்திரிக்காரியும் சொல்லவில்லை. முந்நூற்றைம்பதை ஐந்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். அது தனக்குத் தெரிந்த நிமிஷத்தில் அவளுக்கு வாயில் எச்சில் கசந்தது.

காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "சாவி ரிப்பேர் ஆளுக்கு யாரும்மா சம்சாரம்?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மைக்செட் இஸ்திரிக்காரியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

உள்ளே குளிரோடு மருந்து நெடி. வசூல் தம்பி அவளுக்கு முன்பே வந்திருந்தான். கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் திருகிச் சொருகியிருந்தான். மேஜைமேல் சாவிக்காரர். இடுப்புவரை ஏதோ ஒரு பச்சைத் துணி. தம்பி அவர் பக்கத்தில் குனிந்து நின்று எதையோ செய்துகொண்டிருந்தான். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது.

சாவிக்காரரின் வலது கை மேஜைக்கு வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு மைப்பெட்டி. கட்டைவிரல் முழுக்க நீல மை. தம்பி அந்த விரலை இரண்டு விரலால் பிடித்து, ஒரு தாளில் வைத்து, உருட்டி எடுத்தான். விறைத்துப்போன கை வளைய மறுத்தது. ஆகவே அவன் தாளை அட்டையோடு தூக்கி விரலுக்குக் கொண்டுபோனான். வேலையில் ஒரு நேர்த்தி இருந்தது. பக்கத்தில் ஏற்கெனவே மை குத்திய தாள் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி பண்றே?"

அவன் திடுக்கிட்டான். அவள்தான் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. "நீங்களாக்கா. இதுவா, மத்த அஞ்சு பேருக்கும் நாலஞ்சு மாசத்துக்குள்ள கடன் முடியுது. அடுத்த கடன் வாங்கறப்ப இப்ப கணவர் கைரேகையும் கேக்குறாங்க. புது ரூல்ஸ். கையெழுத்துன்னா நானே போட்டுருவேன். கட்டைவிரலுக்கு ஆள் வேணுமே? இன்னைக்கு விட்டா இவரை அப்புறம் எங்க பிடிக்கிறது?"

"அவரு செத்துட்டாருப்பா."

"உங்களுக்குச் செத்துட்டாருக்கா. அவங்களுக்கு இல்ல." அவன் பொறுமையாக விளக்கினான். கெட்டவன் மாதிரி இல்லை. தூக்கம் கெட்டவன் மாதிரி இருந்தான். "உங்க வேலை சுலபம். வெளிய போலீஸ் ரைட்டர் கேப்பாரு, மனைவின்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னால, இவர் பக்கத்துல நின்னு அழற மாதிரி ஒரு போட்டோ. கிளெய்முக்கு வேணும். முகம் தெரியற மாதிரி அழுங்க, முந்தானையை வெச்சு மூடிடாதீங்க." போனை எடுத்துக் குறி பார்த்தான். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கக்கா."

அவள் சாவிக்காரரின் முகத்தைப் பார்த்தாள். தாடை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நகக்கண்களில் பித்தளைத் தூள் மினுங்கியது. அந்த ஒரு கட்டைவிரல் மட்டும் நீலமாக, வேறு யாருடைய விரலையோ ஒட்டவைத்ததுபோல இருந்தது. அந்த ஆள் ஆறு வீட்டுக்குப் பேரைக் கடன் கொடுத்தார். ஒரு நாள்கூட அதை வைத்து ஒரு வாய் காப்பி கேட்டு எவள் வாசலிலும் நின்றதில்லை. தண்ணீர் கேட்டாலும் படிக்கு வெளியே நின்றுதான் குடிப்பார்.

தம்பி மூன்றாவது தாளை எடுத்தான்.

அவள் விரிப்பை உதறினாள். கஞ்சி போட்டுத் தேய்த்த துணி, அறையே அதிரும்படி படீரென்று விரிந்தது. தம்பி ஓரடி பின்னால் போனான். அவள் சாவிக்காரரின் கையை எடுத்தாள். எச்சில் தொட்டுக் கட்டைவிரலைத் துடைத்துப் பார்த்தாள், மை போகவில்லை. அந்தக் கையை மார்போடு வைத்து, விரிப்பின் ஒரு ஓரத்தை அதன்மேல் இழுத்து, மறு ஓரத்தை இறுக்கிச் சுற்றி, முனையை உள்ளே சொருகினாள். ஆயிரக்கணக்கான துணி மடித்த கைகள். அந்தக் கட்டை அவிழ்க்க இன்னொரு இஸ்திரிக்காரிதான் வர வேண்டும்.

"அக்கா, இன்னும் மூணு பேரு இருக்காங்க."

"கையை வெச்சே, இந்தப் பொணத்துக்குப் பக்கத்துல உன்னையும் படுக்க வெச்சுத் தேய்ச்சுருவேன். நகரு."

அவன் நகர்ந்தான். ரைட்டர் தடித்த நோட்டோடு உள்ளே வந்தார். காலையிலிருந்து ஏழாவது பிணம். யாருடைய முகத்தையும் பார்க்காமல் எழுதும் பக்குவம் அவருக்கு வந்திருந்தது.

"பாடியை எடுக்கிறது யாரு?"

"நான்."

"என்ன உறவு?"

கதவோரம் மைக்செட்டின் தலை தெரிந்தது. அவள் வாய் மட்டும் அசைந்து சொல்லிக் கொடுத்தது. தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். இருபத்திரண்டு வாரமும் அந்த அறைக்குள் வந்து வரிசையாக நின்றன.

"அண்ணன்," என்றாள் இஸ்திரிக்காரி. "எனக்கு அண்ணன் முறை. இவருக்குக் கல்யாணம் ஆகல. எழுதிக்குங்க, மனைவி கிடையாது."

ரைட்டர் எழுதிக்கொண்டார். அவருக்கு எல்லா உறவும் ஒரே அகலக் கட்டம்தான். "கையெழுத்து." போட்டாள்.

வெளியே வந்ததும் மைக்செட் தலையில் அடித்துக்கொண்டாள். "இருபத்திரெண்டாயிரத்தைச் சாக்கடையில கொட்டிட்டு வர்றா பாருங்கடி! நீயும் கெட்டு அஞ்சு பேரையும் கெடுத்தியே! யாருக்குடி இவன் அண்ணன்? ஐந்நூறு வாங்கிக்கிட்டவன் அண்ணனா?"

"ஐந்நூறு வாங்கிக்கிட்டுப் புருஷனா இருக்கலாம், அண்ணனா இருக்கக் கூடாதாக்கா?"

பிண வண்டிக்குத் தொள்ளாயிரம், குழிக்கு ஆயிரத்தைந்நூறு, மற்றதற்கெல்லாம் நானூறு. மரத்தடியில் இருந்தவர்களிடம் கேட்டாள். தையல்காரி சில்லறை இல்லை என்றாள். இரண்டு பேர் அதற்குள் காணாமல் போயிருந்தார்கள். மீன்காரி மட்டும் இடுப்புப் பையில் கைவிட்டு இருநூறை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு, "நாறின மீனைக் கொடுத்தது நிஜம்தான்" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று போனாள். மீதிக்கு இஸ்திரிக்காரி தவணைக்கென்று எடுத்து வைத்திருந்த ஆயிரத்தை உடைத்தாள். போதவில்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கிழவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். ஏசப்போகிறாள் என்று இவள் காத்திருந்தாள்.

"அண்ணன்னா சொன்னே?"

"ஆமா அத்தை."

"அப்ப என் புள்ளைக்கு மச்சான்." கிழவி எழுந்து, தலையணை உறைக்குள் கைவிட்டு, சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை எடுத்தாள். தன் சாவுக்கென்று சேர்த்த காசு. "சம்பந்தி வீட்டுச் சாவுக்கு வெறுங்கையோட போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? நானும் வர்றேன், செருப்பை எடு."

மறுநாள் வண்டியடிக்கு வசூல் தம்பி வந்தான். கண் உள்ளே போயிருந்தது. "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. நீங்க அண்ணன்னு எழுதிட்டீங்க, இனிமே கிளெய்ம் போட்டா ஆறு ஃபைலும் நாறிடும். எனக்கு வேலை போயிடும். உங்க எல்லாருக்கும் மோசடி கேஸ். அதனால, அவரு உயிரோடவே இருந்துட்டுப் போகட்டும். ஆறு பேருக்கும்."

"எனக்கும் சேர்த்தா?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான்."

அடுத்த வாரக் கூட்டம் வழக்கம்போல் மைக்செட் வீட்டு முன்னறையில். பத்துப் பெண்கள் இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பி. எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார்கள். குறித்த நாளில் கட்டுவேன், என் சகோதரி கட்டத் தவறினால் அவளுக்காக நான் கட்டுவேன். வாரா வாரம் சொல்லிச் சொல்லி அது பல் விளக்குவதுபோல ஆகியிருந்தது. பிறகு பணத்தை நீட்டினார்கள். ஒன்பது பேர் நீட்டினார்கள்.

"என்கிட்ட இல்ல," என்றாள் இஸ்திரிக்காரி.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பத்தாவது ஆயிரம் வரும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. அடுப்பில் பால் இருந்தாலும் சரி, தொட்டிலில் பிள்ளை அழுதாலும் சரி. போலீஸ் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். ஒன்பது பேருடைய அவசரத்தைப் பத்தாவது ஆளின் கழுத்தில் கட்டிவிடுவதுதான் கம்பெனியின் கண்டுபிடிப்பு. நாலு மாசத்துக்கு முன் இதே அறையிலிருந்துதான், கட்ட முடியாத ஒருத்தியின் வீட்டுக்கு மற்றவர்கள் போய்த் தண்ணீர்க் குடம்வரை தூக்கிவந்து விற்றார்கள். தூக்கியவர்களில் இஸ்திரிக்காரியும் ஒருத்தி.

"பொணத்துக்குச் செலவு பண்ணத் தெரியுது, தவணை கட்டத் தெரியலையா?" என்று ஆரம்பித்தாள் மைக்செட். "எழுந்திருங்கடி. வண்டி அவ வாசல்லதான் நிக்குது. தள்ளிட்டு வந்துருவோம்."

தையல்காரி எழுந்தாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

இஸ்திரிக்காரி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கோபமும் இல்லை. "உக்காருங்கடி. என்கிட்ட இல்லன்னா அடுத்து யாரைக் கேக்கணும்னு கம்பெனி எழுதி வாங்கியிருக்குல்ல? தம்பி, ஃபைலை எடு. என் புருஷன் கையெழுத்துப் போட்டிருக்காரா?"

தம்பி ஃபைலை மடியோடு இறுக்கிக்கொண்டான்.

"உயிரோட இருக்காரா?"

பத்துப் பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். இல்லை என்றால் ஆறு கடனும் அவன் வேலையும் போகும்.

"இ... இருக்காரு."

"அப்ப போய் அவரைக் கேளு. புருஷன் பொறுப்புன்னு போட்டிருக்கே, அவருதானே கட்டணும்? பெரிய இடுகாட்டுல, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்து வரிசை, கடைசிக் குழி. மண்ணு இன்னும் ஈரமாத்தான் இருக்கும். கதவைத் தட்டிப் பாரு."

முதலில் சிரித்தவள் மீன்காரி. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெடித்தாள். பின் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து நின்ற மூவருக்கும் நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. தையல்காரிதான் முதலில் உட்கார்ந்தாள். மைக்செட்டுக்கு, தெரு அறிய முதல் தடவையாக, குரல் எழும்பவில்லை.

"அடுத்த வாரம் ரெண்டாயிரமாத் தர்றேன்," என்று இஸ்திரிக்காரி எழுந்து சேலையை உதறினாள். "என் கடன், நான் கட்டுவேன். முப்பது வாரமும் எந்தப் புருஷனும் வந்து கட்டல. எனக்குத் துணி கிடக்கு, வர்றேன்."

பத்தாவது ஆயிரம் வராமல் அந்த அறையிலிருந்து ஒருத்தி எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அவள் போன பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

அது மாதக் கடைசி. மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். காலியான அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து அவன் நிரப்பினான்:

உறுப்பினர்கள் பத்து. இந்த வாரம் வரவேண்டியது பத்தாயிரம். வந்தது ஒன்பதாயிரம். புதுக் கடன் விண்ணப்பம் இரண்டு, கணவர் கைரேகையுடன். கணவர்கள் பத்து, நலமாக இருப்பவர்கள் பத்து. பாக்கி ஆயிரம்.